முத்துமாலையா, மரகதமா, பவளமா, ரூபியா?

தம்பிக்கு மகள் பிறந்து இருபது நாள் ஆகிறது. பெயர் வைக்கிற அன்று குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தையாகிய நான். ஆனால் சொல்ல வேண்டிய பெயர் இன்னும் முடிவாகவில்லை. நவமணிகளில் ஒன்றின் பெயராக இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் எல்லாரும் ஒன்று. அதற்கு மேல் ஆளுக்கொரு கட்சி. ஆச்சி முத்துமாலை என்கிறாள். அப்பா, இறந்துபோன தன் அக்காவின் பெயரான மரகதத்தை விடுவதாக இல்லை. சித்தி பவளம் என்கிறாள். தம்பி மனைவி, "மதினி, கூப்பிடுவதற்கு எளிதாக இருக்க வேண்டும். ரூபி என்றால் இரண்டே எழுத்து" என்கிறாள். நான்கையும் எடை போட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

முத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மண் தானே விளைவித்த மணி அது ஒன்றுதான். தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் இருந்த கொற்கை, பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே சிற்றூராக ஒதுங்கிக் கிடக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கடல்வழிக் குறிப்பு எழுதிவைத்த கிரேக்க மாலுமி ஒருவர் அந்த ஊரைக் கொல்கோய் என்று குறித்து, அங்கே முத்துக்குளிக்கக் குற்றவாளிகளை இறக்கினார்கள் என்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது ஒரு வகைக்கு நம் ஆற்றின் பெயரையே வைத்துத் தாம்ரபர்ணிகம் என்கிறது. தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. இன்றும் சென்னைக்குப் போகிற ரயிலுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். அங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தல் நடந்தது 1961இல். அதற்குப் பிறகு சிப்பிப் படுகைகள் பழையபடி தேறவில்லை. கடலில் முத்து அற்றுப்போன பின்னும் வீடுகளில் அந்தப் பெயர் அறுந்துபோகவில்லை.

அறுந்துபோகாததற்குக் காரணம், முத்து இங்கே நகைக்கடையோடு நின்றுவிட்ட சொல் அல்ல. விதையும் முத்துதான். புளியங்கொட்டை புளியமுத்து, வேப்பங்கொட்டை வேப்பமுத்து. சிறுவயதில் கோடை விடுமுறை முழுக்க வேப்பமுத்துப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, படி அளந்து கடையில் போட்டுக் காசு வாங்கியிருக்கிறோம். கசப்பு வாசனை விரலை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். அம்மை கண்டால், முத்து போட்டிருக்கிறது என்பார்கள். அந்த முத்தைப் போடுகிறவளும் இறக்குகிறவளும் முத்துமாரி. மலையேறிப் போனால் காரையாற்றில் சொரிமுத்து அய்யனார். ஆற்றங்கரையில் முக்கூடலில் முத்துமாலை அம்மன், ஏரல் பக்கம் குரங்கணியிலும் முத்துமாலை அம்மன். இராவணன் தூக்கிக்கொண்டு போனபோது சீதை கழற்றி எறிந்த முத்துமாலை விழுந்த இடம் என்று குரங்கணியில் கதை சொல்வார்கள். ஆக, முத்துமாலை என்று பெயர் வைக்கும்போது கடல், விதை, அம்மன் மூன்றும் சேர்ந்து வருகின்றன. வேறெந்த மணிக்கும் இந்தப் பக்கத்தில் இந்தக் கனம் கிடையாது.

குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நின்று "முத்து" என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்கள், அதில் இரண்டு பேர் ஆண்கள். முத்துலட்சுமி, முத்துச்செல்வி, முத்துக்கனி, முத்துப்பேச்சி, முத்துக்குமார், முத்துப்பாண்டி என்று எல்லாரும் முன்பாதியைப் பகிர்ந்துகொண்டவர்கள். மணி என்று பார்த்தாலும் முத்து கொஞ்சம் மெலிந்ததுதான். பூமிக்குள் விளைந்த கல் அல்ல, உயிருள்ள சிப்பி சுரந்து சுரந்து மூடிய சுண்ணாம்பு. வியர்வை பட்டால் மங்கும். ஆச்சியின் காதில் கிடந்த முத்து இப்போது பழைய பல்லின் நிறத்தில் இருக்கிறது.

மரகதத்தின் கதை நேர் எதிர். கல்லும் வெளியூர், சொல்லும் வெளியூர். பழங்காலத்து மரகதச் சுரங்கங்களில் பேர்போனவை எகிப்தில் இருந்தன. வடமொழியில் மரகதம், கிரேக்கத்தில் ஸ்மராக்தோஸ், இரண்டும் ஒரே குடும்பம். ஒளிர்தலைக் குறிக்கும் ஒரு செமிட்டிய வேரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆங்கிலத்து எமரால்டும் ஸ்பானிய எஸ்மரால்டாவும் நம் மரகதத்தின் அக்கா தங்கைகள். அவ்வளவு தூரம் நடந்துவந்த சொல் என்று யாரும் நம்பாத அளவுக்குத் தமிழ் வாயில் அது உருண்டுவிட்டது. மதுரை மீனாட்சி மரகத நிறத்தவள் என்பது அதற்குப் பெரிய பலம். காதுக்கு நான்கிலும் அழகானது இதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மரகதம் அத்தையை யாரும் மரகதம் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அறுபத்தெட்டு வயதில் கண்மூடும்வரை அவள் எல்லாருக்கும் பாப்பா. பெரியவர்களுக்குப் பாப்பா, எங்களுக்குப் பாப்பா அத்தை. மரகதம் என்ற பெயர் இருந்த இடங்கள் இரண்டே இரண்டு: ரேஷன் கார்டு, அவளுக்குச் சீராக வந்த பித்தளைப் பாத்திரமான போணி. அந்தப் போணி இப்போது என்னிடம் இருக்கிறது. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து "ம" பாதி அழிந்துவிட்டது. "கதம்" மட்டும் அழுத்தமாக நிற்கிறது. மரகதத்தைச் சுருக்கிக் கூப்பிட வழியில்லை. ஐந்து எழுத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு பெயர் தேட வேண்டும். வீடுகள் வேறு பெயரைத்தான் தேடிக்கொள்கின்றன. என் தலைமுறையிலேயே இந்தப் பெயர் அருகிவிட்டது. அடுத்த தலைமுறையில் எங்கள் சுற்றத்தில் ஒருத்திக்கும் இல்லை. அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது. அக்காவை வாய் நிறையக் கூப்பிடாத குறையை அவர் இந்தக் குழந்தையிடம் தீர்த்துக்கொள்ள நினைக்கிறார்.

பவளத்துக்குப் பழைய தமிழ்ப் பெயர் துகிர். பொன்னும் துகிரும் முத்தும் என்று ஒரே மூச்சில் சொல்கிறது புறநானூறு. முத்து இங்கிருந்து கப்பலேறியது, மேற்கிலிருந்து பவளம் கப்பலில் வந்து இறங்கியது. அந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்குப் பிடித்த செய்தி. பெயராக வைக்கும்போது பவளம் தனியாக நிற்காமல் கொடி ஒன்றைத் துணைக்குக் கேட்கிறது. பவளக்கொடி என்றதும் அல்லி அர்ச்சுனன் கூத்து முழுதும் கூடவே வந்துவிடும். சித்தி மனம் வருந்தக் கூடாது, நான் இதைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

ரூபியை அப்படித் தள்ள மாட்டேன். சிவப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். கல்லாகப் பார்த்தால் நான்கிலும் உறுதியானது, வைரத்துக்கு அடுத்த கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெண் குழந்தைகளுக்கு மணிப் பெயர் வைப்பது பரவியது. ரூபி, முத்தைக் குறிக்கும் பேர்ல், இன்னொரு மணிக்கல்லான பெரில் எல்லாம் அந்தக் காலத்தில் எழும்பிய பெயர்கள். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இவை இன்றும் ஆச்சிகளின் பெயர்கள். என்னோடு படித்தவர்களில் ஒரு ரூபியும் ஒரு பெரிலும் உண்டு. பெரில் என்ற சொல்லே பிராகிருதத்து வேருலிய வழியாகத் தென்னாட்டிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நம் வைடூரியமும் அந்த வழிதான். இன்னொன்று: மார்கரெட் என்றால் கிரேக்கத்தில் முத்து. மரகதம் போல ஒலித்தாலும் மரகதத்துக்கும் அதற்கும் உறவில்லை. அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் முத்தம்மாளும் மார்கரெட்டும் ஒரே பெயர்க்காரிகள். தம்பி மனைவிக்கு நான் சொல்வது, சிவப்புக்கல்தான் வேண்டுமென்றால் மாணிக்கவல்லி என்று நம்மிடமே இருக்கிறது. எளிமைதான் வேண்டுமென்றால் முத்துவும் இரண்டு மூன்று எழுத்துதான்.

அதனால் என் வாக்கு முத்துமாலைக்கு. நான்கில் இது ஒன்றுதான் சுருங்கினாலும் மணியாகவே மிஞ்சுகிறது. மாலை உதிர்ந்தால் முத்து. முத்து உதிர்ந்தால் மாலை, அதுவும் கூப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. முத்து என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பும் தெருவில், மாலை என்றால் இவள் ஒருத்தி திரும்புவாள்.

பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்கப் பன்னிரண்டு மாதம்வரை கட்டணம் கிடையாது, ஆகையால் அவசரமில்லை. அப்பாவை ஒரு முறை முக்கூடலுக்கு அழைத்துப்போய் அம்மன் முன்னால் நிறுத்தி, பிறகு பேசலாம் என்றிருக்கிறேன். பாப்பா அத்தையின் போணியைக் குழந்தைக்கே கொடுக்கப்போகிறேன். மரகதத்துக்குக் கீழே இன்னொரு பெயர் வெட்ட இடம் இருக்கிறது. வெட்டுகிறவரிடம் கொடுக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். "மா"வுக்குக் கால் போட மறந்துவிட்டால் முத்துமலை ஆகிவிடும்.