மைன்ஸ்வீப்பர்: கணக்கில் தோற்பதா, பூவா தலையாவில் தோற்பதா?

மைன்ஸ்வீப்பர் என்பது கண்ணி இல்லாத கட்டங்களை மட்டும் திறக்க வேண்டிய கணினி விளையாட்டு; திறந்த கட்டத்தில் உள்ள எண், அதைச் சுற்றியுள்ள கட்டங்களில் எத்தனை கண்ணி என்று சொல்லும். 480 கட்டங்கள், 99 கண்ணிகள். 97 கண்ணிகளைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டு, மூலையில் மிஞ்சிய நாலு கட்டத்தில் வெடித்துச் சாவது எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சல் எல்லா மைன்ஸ்வீப்பருக்கும் பொருந்தாது. பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கும் மூன்றைப் பார்ப்போம்: கூகுள் தேடலில் திறப்பது, மைன்ஸ்வீப்பர்.ஆன்லைன் தளம், நிரலாளர் சைமன் டாத்தமின் புதிர்த் தொகுப்பில் உள்ள ‘மைன்ஸ்’.

முதலில் அந்த மூலை. 2×2 கட்டம் மூடியிருக்கிறது. அதற்குக் குறுக்கே, உள்பக்கம் இருக்கும் கட்டத்தில் ஒரு கண்ணி. அங்கே கண்ணிக்குப் பதில் எண் இருந்திருந்தால், அது தொடும் ஒரே மூடிய கட்டத்தின் கதை தெரிந்துவிடும். கண்ணி என்பதால் அந்தச் சாட்சி இல்லை. மற்ற எண்கள் எல்லாமே மூடிய கட்டங்களை இரண்டிரண்டாகத்தான் பார்க்கின்றன. மீதி இரண்டு கண்ணிகள் என்றால், அவை இந்தக் குறுக்கிலா, அந்தக் குறுக்கிலா என்று சொல்ல எந்த வழியும் கிடையாது. மீதி ஒன்றோ மூன்றோ என்றால் விடை உறுதியாகிவிடும். அதனால் இந்த வடிவத்தைக் கடைசிவரை தொடாமல் வைப்பதே சரி.

ஓரத்தில் இரண்டு கட்டம், அவற்றுள் ஒன்றில் கண்ணி, பார்க்கும் எண்கள் எல்லாம் இரண்டையும் சேர்த்தே தொடுகின்றன என்றால் கதை வேறு. கடைசியில் கண்ணிகளை எண்ணினாலும் அது தீராது. கண்ணில் பட்டவுடனே குத்திவிடுங்கள்; வெடித்தால் மீதிப் பலகைக்குச் செலவாகும் நேரமாவது மிச்சம். இப்படி இரண்டு இடம் வந்தால் பிழைக்கும் வாய்ப்பு 25 சதவீதம். எவ்வளவு பெரிய கெட்டிக்காரர் ஆடினாலும் அதே 25தான். இதைக் கடினம் என்று சொல்ல முடியாது, வடிவமைப்பில் உள்ள ஓட்டை.

கூகுள் பதிப்பு அந்த ஓட்டையை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. முதல் கிளிக்கில் ஓர் இடம் திறந்துகொடுப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் 24×20 பலகையில் 99 கண்ணி என்பது பழைய மைன்ஸ்வீப்பரின் கடின நிலையான 30×16 எக்ஸ்பெர்ட்டின் அதே 20.6 சதவீத அடர்த்தி. ஓரக் கட்டங்கள் 88-க்குப் பதில் 84, அவ்வளவுதான் ஆறுதல். 10×8-இல் 10 கண்ணி உள்ள எளிய நிலை டீ இடைவேளைக்குப் போதும்.

மைன்ஸ்வீப்பர்.ஆன்லைனில் வழக்கமான 9×9, 16×16, 30×16 பலகைகளோடு, ஊகமே தேவைப்படாத பலகைகள் தனிப் பிரிவாக இருக்கின்றன. நேரத்துக்கு எதிராக ஆடுபவர்களுக்கு இதுதான் இடம்.

டாத்தமின் ‘மைன்ஸ்’ பிரச்சினையின் வேரிலேயே கை வைக்கிறது. முதல் கிளிக்குக்குப் பிறகுதான் பலகை உருவாகிறது. நிரலுக்குள் இருக்கும் தீர்ப்பான், அதாவது புதிரைத் தானே தீர்க்கும் பகுதி, அதை ஆடிப் பார்க்கும். மாட்டிக்கொண்ட இடத்தில் கண்ணிகளை நகர்த்தி வைத்து, தர்க்கத்தால் மட்டுமே முடிக்க முடிகிற பலகையைத்தான் நம்மிடம் தரும். வெடித்தாலும் யு விசையை அழுத்திப் பின்வாங்கலாம். எத்தனை முறை செத்தோம் என்ற கணக்கு மட்டும் கீழே நிற்கும். லேப்டாப் டச்பேடில் இரண்டு விரல் தட்டலில் கண்ணிக்கு அடையாளமாகக் கொடி வைக்கப்போய், ஒரு விரல் முந்திப் பட்டுக் கட்டம் திறந்துவிடுகிற கொடுமைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இதிலும் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. ஊகம் வேண்டியதில்லை என்று முன்கூட்டியே தெரிவதே ஒரு துப்பு. ‘இங்கே கண்ணி இருந்தால் பூவா தலையா ஆகிவிடும், ஆகவே இருக்காது’ என்று குறுக்கு வழியில் யோசிக்கலாம். சுத்தத் தர்க்கக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஊகமில்லாப் பலகையில் மாட்டிக்கொண்டால் பழியைப் பலகை மேல் போட முடியாது. கழித்தல் விடுபட்டிருக்கும்: சுவரை ஒட்டி 1, பக்கத்தில் இன்னொரு 1 என்றால், முதலாவது தொடும் இரண்டு கட்டத்திலேயே அந்த ஒற்றைக் கண்ணி அடங்கிவிடுகிறது, இரண்டாவது 1 மட்டும் தொடும் மூன்றாவது கட்டத்தைத் தைரியமாகத் திறக்கலாம். அதுவும் இல்லையென்றால் மீதிக் கண்ணி எண்ணிக்கையைப் பாருங்கள். இதெல்லாம் கை வந்துவிட்டால், டாத்தமின் பட்டியலிலேயே 30×16-இல் 170 கண்ணி என்ற அமைப்பும் இருக்கிறது. அதற்கும் ஊகம் தேவையில்லை.