பகடையா, வரம்பா? கணினி ஆட்டத்தில் திறனைச் சோதிக்கும் இரண்டு வழிகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ரோல் பிளேயிங் ஆட்டத்தின் ருசி கணினியிலும் வர வேண்டுமென்றால், பேச்சையும் பூட்டுத் திறப்பையும் எப்படிச் சோதிப்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஃபால்அவுட்: நியூ வேகஸ் (2010) பேச்சுத்திறனுக்கு வரம்பு வைத்தது: 50 கேட்கும் இடத்தில் 49 இருந்தால் தோல்விதான். டிஸ்கோ எலிசியம் (2019) இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டியது. பால்டர்ஸ் கேட் 3 (2023) இருபதுமுகப் பகடையை.

வரம்பு எழுதவும் சோதிக்கவும் எளிது. ஆனால் ஒரே திறனில் புள்ளிகளைக் கொட்டியவருக்குப் பதற்றமே இருக்காது.

என் தேர்வு இரண்டு ஆறுமுகப் பகடை. இருபதுமுகப் பகடையில் விழும் எண்ணோடு +1 சேர்த்தால் வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் 5 சதவீதம்தான் கூடும். இரண்டு ஆறுமுகப் பகடையில் 36 சேர்க்கைகள். கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டால் வாய்ப்பு சுமார் 42 சதவீதம், +1 சேர்ந்தால் 58. சாட்சியிடம் முன்பே பேசியவருக்கு அந்த +1-ஐக் கொடுங்கள். மேசையில் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் செய்வதும் இதைத்தான். சண்டைக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பகடையைக் கொல்வது சேவ்-லோட், அதாவது ஆட்டத்தைச் சேமித்துவைத்து அந்த இடத்துக்கே திரும்பிப் போவது. தோற்றவுடன் லோட் செய்து வெல்லும்வரை உருட்டினால் வாய்ப்புக் கணக்குக்கே பொருளில்லை. ஆட்டம் தொடங்கும்போதே ஒரு விதை எண்ணை, அதாவது பகடை எண்களைக் கணக்கிட அடிப்படையாகும் எண்ணை, சேவ் கோப்பில் எழுதுங்கள். அந்த எண், சோதனையின் அடையாளம், எத்தனையாவது முயற்சி, இந்த மூன்றிலிருந்தும் பகடை பிறக்கட்டும். எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே எண்வரிசை வைத்தால், வேறொரு பூட்டில் ஒரு உருட்டலை வீணாக்கி, கெட்ட எண்ணைத் தாண்டிவிடுவார்கள்.

அது பாதி வேலை. தோல்வியில் கதவு அப்படியே மூடிக்கிடந்தால் யாருக்கும் லோட் செய்யத்தான் தோன்றும். கதவு திறக்கட்டும், காவலன் விழித்துக்கொள்ளட்டும். தகவல் கிடைக்கட்டும், விலை இரட்டிப்பாகட்டும். டிஸ்கோ எலிசியத்தில் வெள்ளைச் சோதனையில் தோற்றால், திறனில் ஒரு புள்ளி ஏற்றி மறுபடி முயலலாம். சிவப்புச் சோதனைக்கு ஒரே வாய்ப்பு. சிவப்பை வைக்கும் இடத்தில் தோற்றால் கதை போகும் கிளையை வெற்றிக் கிளைக்கு முன்னால் எழுதுங்கள். கெடு நெருங்கும்போது கடைசியாக எழுதவேண்டிய கிளைதான் ஒற்றை வரியாகச் சுருங்கும்.