ஜிடிபி ஹிஸ்டரி: ஆறு வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

ஜிடிபி (GDB, புரோகிராம்ல தப்பு எங்கன்னு தேட உதவுற டிபக்கர்) பழக ஆரம்பிச்சப்ப எனக்கு இருந்த பெரிய எரிச்சலே இதுதான், காலைலேர்ந்து டைப் பண்ண கமாண்ட் எல்லாம் க்விட் அடிச்சதும் போயிடும், திரும்ப உள்ள வந்து மேல் ஆரோவ அழுத்துனா ஒண்ணும் வராது. டீஃபால்ட்டா ஹிஸ்டரி சேவ் ஆஃப்லதான் இருக்கும்னு அப்ப தெரியல. ஹோம் ஃபோல்டர்ல இருக்குற ஜிடிபிஇனிட் (.gdbinit)ங்கிற செட்டிங் ஃபைல்ல "செட் ஹிஸ்டரி சேவ் ஆன்"னு ஒரு வரி போட்டா போதும்.

அடுத்து சைஸ். சும்மா விட்டா 256 கமாண்ட்தான் நிக்கும், அடுத்த வரிக்குப் போக ஒவ்வொரு தடவையும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு டைப் பண்றவங்களுக்கு அது அரை நாளைக்குக்கூட வராது, அதனால அன்லிமிடெட் வச்சுட்டேன். (வெறும் என்டர் தட்டுனாலே போன கமாண்ட் திரும்ப ஓடும், ஹிஸ்டரியும் ரொம்பாது.) ஒரு தடவ மெமரி கரப்ஷன் ஒண்ண மூணு நாளா தேடிட்டு இருந்தேன், லென்த் 4096க்கு மேல போயி ஸ்டேட்டும் 3ஆ இருந்தா மட்டும் நில்லுன்னு நீளமா ஒரு கண்டிஷன் பிரேக்பாயின்ட் (புரோகிராம் ஓடும்போது நிறுத்துறதுக்கு நாம வைக்கிற இடம்), நடுவுல ரெண்டு பாயின்டர் காஸ்ட் வேற. மறுநாள் ஹிஸ்டரில தேடுறதுக்கு கன்ட்ரோல் ஆர் அடிச்சு 4096ன்னு போட்டதும் முழு வரியும் அப்படியே வந்துச்சு பாருங்க, அன்னைக்கு வந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கு.

ஒரே கமாண்ட் திரும்ப வந்தா பழசை நீக்குற ரிமூவ் டூப்ளிகேட்ஸ் செட்டிங்கையும் அன்லிமிடெட் வச்சுப் பாத்தேன், அது சரிப்படல. பழைய காப்பிய தூக்கிடுறதால எந்த கமாண்டுக்கு அப்புறம் எத அடிச்சோம்ங்கிற வரிசையே கலைஞ்சிடுது. இப்ப 1 வச்சிருக்கேன், அடுத்தடுத்து வர்ற ரிப்பீட் மட்டும் போகும், வரிசை அப்படியே இருக்கும்.

ஹிஸ்டரி ஃபைல் எந்த ஃபோல்டர்ல ஜிடிபிய ஸ்டார்ட் பண்றோமோ அங்கதான் உக்காரும். எல்லாத்தையும் ஹோம்ல ஒரே ஃபைலா மாத்தி ஒரு வருஷம் ஓட்டுனேன், ஆனா ஒரு புராஜெக்ட்டோட பிரேக்பாயின்ட் இன்னொண்ணுல தேடும்போது வந்து வந்து நிக்குது, பழையபடியே விட்டுட்டேன். அந்த ஃபைல மறக்காம கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்கக் கூடாத ஃபைல்களோட லிஸ்ட்) சேத்துருங்க.

டியூஐ மோட்ல (டெர்மினல்லயே கோடையும் காட்டுற மோட்) ஆரோ அழுத்துனா கோட்தான் நகரும், ஹிஸ்டரிக்கு கன்ட்ரோல் பி, கன்ட்ரோல் என்.

ஒரே குறை, ஹிஸ்டரிய ஜிடிபி வெளிய வரும்போதுதான் எழுதுது. கில் மைனஸ் 9 போட்டு வலுக்கட்டாயமா நிறுத்துனதுல ஜிடிபி செத்துட்டா அந்த செஷன் மொத்தமும் போச்சு. அதனால முக்கியமான பிரேக்பாயின்ட் செட் ஆனதும் "சேவ் பிரேக்பாயின்ட்ஸ்" போட்டு ஒரு ஃபைல்ல எழுதிடுறேன், கண்டிஷனோட சேத்து எழுதிக்கும், அடுத்த தடவ சோர்ஸ்னு அந்த ஃபைல் பேர குடுத்தா எல்லாம் திரும்ப வந்துரும்.