குளக்கட்டா, தரவையா? வன்னியில் வலசைப் பறவை பார்க்க எது தோது

புரட்டாதி பிறந்தால் போதும், வட இலங்கையின் எங்கள் வன்னிப் பக்கத்தில் பறவை பார்க்கிறவர்களுக்குள் இந்த வழக்குத் தொடங்கிவிடும். கட்டுக்கரை, இரணைமடு என்று குளங்களைப் பிடிப்பதா, இல்லை ஆனையிறவு, பூநகரி, சுண்டிக்குளம் என்று தரவையும் (மரமில்லாத உவர் வெட்டைநிலம்) களப்புமாகக் (கடலோர உவர்நீர்ப்பரப்பு) கிடக்கும் பக்கம் போவதா? இடத்தை வைத்தே வாதாடுகிறார்கள். நான் முதலில் விசாரிப்பது மழை விழுந்துவிட்டதா என்று.

மழைக்கு முன் குளம்தான். சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கை) தண்ணீர் விட்டு முடிய, அலைகரை என்கிற குளத்தின் உள்விளிம்பு நெடுக ஈரச்சேறு வெளித்துக் கிடக்கும். வடக்கேயிருந்து வந்திறங்கும், சேற்றைக் கிளறி இரைதேடும் உள்ளான்களுக்கு ஆழத் தண்ணீரால் பயனில்லை. அலகு இறங்குகிற சேறு வேண்டும். பொரி உள்ளான், பச்சைக்காலி, தண்ணீருக்கு மேலே தாழப் பறக்கும் மீசை ஆலா, மின்கம்பியில் வரிசைகட்டும் தகைவிலான் என்று ஒரு விடியலுக்குள் நிறையப் பார்க்கலாம். அதே கிழமையில் சுண்டிக்குளம் பக்கம் போனால் பல இடங்களில் உப்புப் பூத்து வெடித்த நிலமும் அனல்காற்றும்தான் மிச்சம்.

குளங்களிலும் என் வாக்குக் கட்டுக்கரைக்கே. அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்துக் கொண்டுவந்த தண்ணீர் பரந்து, ஆழமில்லாமல் நிற்கும் குளம் அது. 1954 இலிருந்து சரணாலயம். இரணைமடுக் கட்டில் ஏறினால் காற்று சுகம், காட்சி பெரிது, ஆனால் தாரா (காட்டு வாத்து) கூட்டம் நடுக்குளத்தில் மிளகு தூவினமாதிரித்தான் தெரியும். நல்ல தொலைநோக்கி இல்லாதவருக்கு அது வெறும் உலாத்தல்.

ஐப்பசிக் கடைசியில் வாடை பிடித்து மழை இறங்கியதும் கணக்கு மாறும். குளம் நிரம்ப அலைகரைச் சேறு மூடுபடும், உள்ளான்கள் கலையும். இரணைமடு நிரம்பி வான் (மிகைநீர் வழி) பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்று வழியே சுண்டிக்குளம் களப்புக்குத்தான் போய்ச் சேரும். காய்ந்து கிடந்த தரவையில் கணுக்காலளவு தண்ணீர் பரவ, ஊசிவால் தாராவும் நீலச்சிறகுத் தாராவும் வந்து விழும். 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவான இடம் சுண்டிக்குளம். பெயருக்கேற்ற காட்சி இந்த மாதங்களில்தான்.

பூநாரையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். கார்த்திகைக்குப் பிறகு பாருங்கள், களப்புப் பக்கம் மட்டும். ஆழங்குறைந்த உவர்நீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும் பறவை, வெள்ளம் ஏறினால் இடம் மாறிவிடும். அதை மட்டும் நம்பிப் பயணம் வைக்கவேண்டாம்.

இந்த மழைக் கணக்குக்கு விலக்கு, மன்னார்ப் பாலத்தடியும் வங்காலைப் பக்கமும். கடல்நீர் வந்துபோவதால் மழைக்கு முன்பே அங்கே கரைப்பறவை உண்டு. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2010 இல் சேர்ந்த சரணாலயம் வங்காலை. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பொருத்திவிட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் யமால் தீவக்குறை வரை போனது, 2021 இல்.

விதைப்பு வயல்களைத் தனியாகத் தேடிப் போகத் தேவையில்லை. போகிற வழியில் மஞ்சள் வாலாட்டியும் ஊசிவால் உள்ளானும் கண்ணில் படும். ஆறுமணிக் குருவியோ வீட்டு வளவுக்கே வந்துவிடும்.

வசதியைப் பார்த்தால் குளம் வெல்லும். குளக்கட்டில் மருதமர நிழல் இருக்கும். முதலைக்குப் பயந்து தண்ணீரோரம் இறங்காமல் நின்றால் போதும். தரவையில் நிழல் கிடையாது, வெயில் ஏறினால் கானல் எழும்பித் தொலைநோக்கியில் பறவை நெளியும். பழக்கத்திலுள்ள பாதையை விட்டு விலகவும் கூடாது. மிதிவெடிப் பலகை கண்டால் எந்த அபூர்வப் பறவைக்காகவும் ஓரடி வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆவணி விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம், வலசை அப்போதுதான் தொடங்கும். ஐப்பசி முற்பகுதி என்றால் கட்டுக்கரை. மார்கழியில் வருகிறவர்கள் பூநகரியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் வரை காலையில் மெல்ல ஓட்டிப் போங்கள். வாகனத்துக்குள் இருந்தபடியே பாருங்கள். கதவைத் திறந்து இறங்கினால் கூட்டம் எழும்பிவிடும்.