ஒசாடெபேயா, கேவ்மென் சகோதரர்களா?

நைஜீரியாவின் இக்போ மக்களிடையே வளர்ந்த, கிட்டாரும் ஊதுகருவிகளும் கலந்த நடன இசையான இக்போ ஹைலைஃபைப் புதிதாகக் கேட்க விரும்புவோர், 2007-இல் மறைந்த மூத்த கலைஞர் ஒசிட்டா ஒசாடெபேயிடமிருந்தும் தொடங்கலாம். லாகோஸைச் சேர்ந்த ‘தி கேவ்மென்’ சகோதரர்களிடமிருந்தும் தொடங்கலாம்.

1984-இல் வெளிவந்த ‘ஒசொண்டி ஒவெண்டி’ இசைத்தொகுப்பில், ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் கிட்டார்களும் இடையிடையே எழும் ஊதுகருவிகளும் ஒரே தாளச்சுழலை அவசரமின்றி வளர்த்தெடுக்க, ஒசாடெபேயின் குரல் அதன்மேல் உரையாடுவதுபோல் நிதானமாக மிதக்கிறது, பொறுமையற்றவர்களுக்கு இது சலிப்பூட்டக்கூடும்.

கேவ்மென் சகோதரர்களான கிங்ஸ்லி ஒகோரியின் பேஸ் கிட்டாரையும் பெஞ்சமின் ஜேம்ஸின் டிரம்ஸையும் அடித்தளமாகக் கொண்ட ‘ரூட்ஸ்’ (2020) இசைத்தொகுப்பு, அதே மரபைச் சிறு பாடல்களாகச் சுருக்கி, இக்போவுடன் ஆங்கிலத்தையும் கலந்து தருகிறது. பழைய ஒலிப்பதிவுகளின் கரகரப்பையும் நெருக்கத்தையும் இச்சகோதரர்கள் மெருகேற்றி அழித்துவிடாதது, என் பார்வையில், அவர்களது பெரிய பலம். ஆயினும் இரவு முழுவதும் ஆடுவதற்கு ஒசாடெபேயையே தேர்ந்தெடுப்பேன். முதல் அறிமுகத்துக்கு ‘ரூட்ஸ்’ எளிது.