சாமி படத்தின் கண்ணாடியைக் கழற்றினால் வீட்டில் சாவு விழும் என்று சொல்லி 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

இதை எழுதும்போதுகூடக் கோபத்தில் கை நடுங்குகிறது. 68,000 ரூபாய். மாதம் 3,500 வீதம் 20 மாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். மும்பையில் இருக்கிற தமிழ் ஆட்கள், குறிப்பாகப் பழைய சாமி படங்கள், பழம்பொருட்கள் மேல் ஆசை உள்ளவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், இப்போது பெயர் போடாதே என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தென் மும்பையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிற பழம்பொருள் கடை, அவ்வளவுதான் சொல்வேன். ராத்திரி 9 மணிக்கு லைவ் போடுவார்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, விளக்கை மங்கலாக்கி, அதன் பின்னால் இருக்கிற கதையைச் சொல்வார்கள். சோர் பஜார் மட்டன் தெருவில் நான் பதினைந்து வருடமாகப் பித்தளைச் சாமான் வாங்குகிறேன். அங்கே தட்டிப் பார்ப்பேன், சுரண்டிப் பார்ப்பேன், பாதி விலைக்குக் கேட்பேன். இந்த லைவ் முன்னால் அந்த நான் எங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

கதைகள் அப்படி. இங்கிலாந்தில் திர்ஸ்க் என்ற ஊர் மியூசியத்தில் ஒரு நாற்காலியைச் சுவரில் உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்களாம், யாரும் உட்காரக் கூடாது என்பதற்காக. 1702இல் தூக்கிலிடப்பட்ட பஸ்பி என்பவன் சாபம் விட்ட நாற்காலி, உட்கார்ந்தவர்கள் எல்லோரும் செத்தார்கள் என்று சொன்னார்கள். அழுகிற பையன் படம் இன்னொன்று. 1985இல் லண்டன் பத்திரிகை ஒன்றில், அந்தப் படம் மாட்டிய வீடுகள் தீப்பிடிக்கின்றன, வீடு எரிந்தாலும் படம் மட்டும் எரிவதில்லை என்று வந்தது. அப்புறம் கான்பூர் கோயிலில் இருந்து 1857இல் வெள்ளைக்காரப் பட்டாளம் கொள்ளையடித்ததாகச் சொல்லப்படும் ஊதாக்கல். வைத்திருந்தவர்கள் எல்லோரையும் நாசமாக்கி, இப்போது லண்டன் மியூசியத்தில் இருக்கிறது என்றார்கள். வேலை முடித்து, சமையல் முடித்து, ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு நான் இதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். நாலு மாதம் ஒரு நாள் விட்டதில்லை.

என் ஆசை பெரிய ஆசை இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில், பட்டாசாலை என்று சொல்கிற கூடத்தில் ஒரு ரவிவர்மா லட்சுமி படம் இருந்தது. தாமரை மேல் நிற்கிற லட்சுமி, பக்கத்தில் மாலையோடு யானை. சேலைமேல் ஆச்சி கையாலேயே ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருந்தாள். அந்தக் காலத்தில் நிறைய வீடுகளில் அப்படி ஒட்டுவார்கள். விளக்கு ஏற்றினால் சேலை மட்டும் மினுங்கும். சித்தப்பாக்கள் பாகம் பிரித்தபோது, தெருவில் வந்த பழைய சாமான்காரனிடம் அந்தப் படத்தைக் கொடுத்து இரண்டு எவர்சில்வர் குடம் வாங்கிவிட்டார்கள். ஆச்சி அதற்கப்புறம் அந்தச் சுவரைப் பார்த்தே கும்பிடுவாள். அந்த மாதிரி ஒரு படம் என் வீட்டில் இருக்க வேண்டும், அம்மா சாவதற்குள் பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

ஒரு நாள் லைவில் நான் தமிழில் ஒரு வரி எழுதினேன். மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. "அக்கா, நீங்க நம்ம ஊரா? பேச்சுல தெரியுது. நான் வள்ளியூர்ப் பக்கம்க்கா." மும்பையில் இத்தனை வருடம் இந்தியும் மராத்தியும் கேட்ட காதில் நம்ம ஊர்ப் பேச்சு விழுந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். தம்பி தம்பி என்று அரைமணி நேரம் பேசினேன். பட்டாசாலை, ஜரிகை, சேலையின் அரக்கு நிறம், எவர்சில்வர் குடம், ஆச்சி சுவரைக் கும்பிட்டது, எல்லாவற்றையும் நானே சொன்னேன். "கவலைப்படாதீக அக்கா, ஆச்சி படத்தை நான் கண்டுபிடிச்சுத் தாரேன்" என்றான். போனை வைத்துவிட்டு அழுதேன்.

பத்தாம் நாள் படம் வந்துவிட்டது. அரக்குச் சேலை. ஜரிகை. யானை. தேக்குச் சட்டம், கறுத்துப்போய். செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில் இருந்து எடுத்ததாம். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு முன்தினம் செத்துப்போனாளாம். அவளுடைய கூறைச் சேலையில் இருந்து தாய் ஜரிகையைப் பிரித்து இந்தப் படத்தில் ஒட்டினாளாம். வெள்ளிக்கிழமை ராத்திரி கொலுசுச் சத்தம் கேட்குமாம். கேட்டாலும் கெடுதல் கிடையாது, வீட்டுக்கு நல்லதுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு. கண்ணாடியையும் பின்பலகையையும் கழற்றக் கூடாது. நூறு வருடமாக யாரும் கழற்றியதில்லை. ஒரு தடவை கழற்றப் போன தச்சன் அந்த வாரமே போய்விட்டான் என்றான்.

அந்த நிமிடத்தை நினைத்து நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தத் தாய்க்காக மனசு கலங்கியது. ஏன் கழற்றக் கூடாது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

85,000 சொன்னான், அக்காவுக்காக 68,000 என்றான். பில் கேட்டேன். "நூறு வருசத்துக்கு மேல உள்ள பொருள்க்கா, பில் போட்டா கவர்மென்ட் எடுத்துக்கிடும்" என்றான். இது பச்சைப் பொய். பழம்பொருள் சட்டம் 1972இல் வந்தது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத்தான் தடை. உள்நாட்டில் விற்க உரிமம் வாங்கிய வியாபாரி தாராளமாக விற்கலாம். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. 20,000, 25,000, 23,000 என்று மூன்று வெவ்வேறு பெயர்களில் இருந்த யூபிஐ எண்களுக்குப் போட்டேன். தங்க எழுத்தில் சான்றிதழ் ஒன்று தந்தார்கள். "ரவிவர்மா அச்சகம், மாளவ்லி, 1895." சீட்டுப் பணம் 70,000இல் மீதி 2,000 டாக்ஸிக்கும், ஆணி அடித்தவருக்கும், பூவுக்கும் போனது.

செம்பூர் வீட்டு ஹாலில் மாட்டினேன். வெள்ளிதோறும் விளக்கு வைத்தேன். என் எட்டு வயசுப் பையன் கொலுசுக் கதையைக் கேட்டுவிட்டு ராத்திரி பாத்ரூம் போக ஹாலைத் தாண்ட மாட்டேன் என்றான். ஒரு மாதம் அவனோடு நானும் எழுந்து போனேன். அதையும் சேர்த்துத்தான் இவர்கள்மேல் எனக்குக் கோபம்.

மழை பிடித்ததும் கண்ணாடிக்கு உள்ளே மூலையில் பூஞ்சை. நாளுக்கு நாள் லட்சுமியின் கால் பக்கம் ஏறிக்கொண்டே வந்தது. கழற்றினால் சாவு, கழற்றாவிட்டால் படம் போய்விடும். கடைக்குப் போன் போட்டால் "அப்படியே விடுங்கக்கா" என்றார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்காவில் ஃப்ரேம் போடுகிற அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு போனேன். நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் ஒன்றும் பேசாமல் பின்பக்கத்தை மோந்து பார்த்தார். "தாயி, இதுல ஃபெவிகால் வாசம்லா அடிக்கி" என்றார்.

சாமி கும்பிட்டுவிட்டு அவரே கழற்றினார். பின்னால் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்தது. மடிப்பில் டீத்தூளே இருந்தது. அதற்குக் கீழே ஒரு அட்டை, ஏதோ பெட்டியில் இருந்து வெட்டியது. அதில் ஒரு முகவரியின் கடைசி வரியும் ஆறு இலக்கப் பின்கோடும். நம் நாட்டில் பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15இல்தான். அட்டையைப் பிற்பாடு மாற்றியிருப்பார்கள் என்று யாராவது சொல்லலாம். நூறு வருடமாக யாரும் தொடவில்லை என்று சொன்னவன் அவன்தானே?

அப்புறம் அண்ணாச்சி லென்ஸைக் கொடுத்தார். லட்சுமி முகத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப் புள்ளிகள், கோலப்புள்ளி மாதிரி வரிசை தப்பாமல். அவர் கடையில் ஒரு நிஜமான பழைய படம் இருந்தது, அதையும் காட்டினார். அதில் புள்ளிகள் கலைந்து கலைந்து, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இருந்தன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் ஓவியர்கள் கையால் புள்ளி வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடித்து, மேலே வார்னிஷ் போடுவார்கள் என்று விளக்கினார். என்னுடையது இந்தக் காலத்து ஆஃப்செட் மெஷினில் அடித்த புதுத்தாள். அதன்மேல் ஜரிகையை ஒட்டியிருக்கிறார்கள். நான் சொன்ன அரக்குச் சேலைக்கு, நான் சொன்ன இடத்தில். என் ஆச்சியை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளை எனக்கே விற்றிருக்கிறார்கள்.

சான்றிதழும் தப்பு. ரவிவர்மா அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கி, 1899இல்தான் லோணாவாலா பக்கத்து மாளவ்லிக்குப் போனது. 1895இல் மாளவ்லியில் எப்படி அச்சடிப்பார்கள்?

போன் போட்டேன். அவன் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "அக்கா, கழட்டிட்டீங்களா? ஐயோ! இனி அதை நாங்க வாங்கவே முடியாதுக்கா, கடைக்குத் தோஷம். உங்க வீட்டுக்கு என்ன வரும்னு எனக்கே பயமா இருக்கு." வாங்கும்போது என்னைப் பயமுறுத்திய அதே கதையை வைத்துத் திருப்பித் தரவும் முடியாது என்கிறான். லென்ஸில் எடுத்த போட்டோ அனுப்பினேன். இரண்டு நீல டிக். மறுநாள் "ஓனர் காரைக்குடி போயிருக்காரு". அதற்கு மறுநாள் "பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதுன்னு லைவ்ல சொன்னோமே". நேரில் போனேன். மேசையில் இருந்த பெண், தமிழ் பேசுகிற ஆளே அங்கு வேலையில் இல்லை என்று இந்தியில் சொன்னாள். லைவில் எழுதிக் கேட்டேன், என் வரியை அழித்துவிட்டு என்னை பிளாக் செய்தார்கள். சைபர் குற்றப் புகார் எண் 1930க்கும், நுகர்வோர் எண் 1915க்கும் புகார் சொல்லியிருக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது. 68,000 வரவில்லை.

இந்தப் பதினோரு நாளில் அவர்கள் சொன்ன கதைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். வயிறு எரிகிறது. அந்தப் பஸ்பி நாற்காலியை மரச்சாமான் வரலாறு தெரிந்த நிபுணர் ஒருவர் சோதித்திருக்கிறார். அதன் மரக்கம்பிகள் இயந்திரத்தில் கடைந்தவை, நாற்காலியே 1840 வாக்கில் செய்தது. 1702இல் செத்தவன் எப்படி அதில் உட்கார்ந்திருப்பான்? அழுகிற பையன் படம் ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்றது. அழுத்திச் செய்த கெட்டி அட்டை, மேலே எளிதில் தீப்பிடிக்காத வார்னிஷ். மாட்டிய கயிறு முதலில் எரிந்து படம் குப்புற விழுந்துவிடும், அதனால் முகம் தப்பிக்கும். "டெல்லி நீலக்கல்" என்று பேர் எடுத்த அந்த ஊதாக்கல் நீலக்கல்லே இல்லை, செவ்வந்திக்கல். அதை வைத்திருந்தவர் அதைப் பற்றி ஒரு கற்பனைக் கதையும் எழுதியவர். 2000இல் அமெரிக்காவில் ஒரு பையனும் பொம்மையும் நிற்கிற ஓவியத்தை ஆவி பிடித்த படம் என்று எழுதி இணைய ஏலத்தில் விட்டார்கள். 199 டாலரில் தொடங்கி 1,025 டாலருக்குப் போனது. வரைந்த பில் ஸ்டோன்ஹாம் உயிரோடு இருந்தார், 1972இல் தன் சின்ன வயசு போட்டோவைப் பார்த்து வரைந்தது என்று சொன்னார்.

உட்காராதே, தொடாதே, கழற்றாதே. நாலு மாதம் தினமும் இதைத்தான் கேட்டிருக்கிறேன். எவனும் கிட்டப் போய்ப் பார்த்துவிடக் கூடாது என்பதற்குப் போட்ட பூட்டு அது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது முடியவில்லை, இது மட்டும். கழற்றக் கூடாது என்றால் வாங்காதீர்கள். பில் இல்லை என்றால் வாங்காதீர்கள். ஆள் பெயர் மாறி மாறி வருகிற எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், புள்ளி வரிசையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் படம் எப்படி இருந்தது என்று விற்கிறவனிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

இன்று ராத்திரி 9 மணிக்கும் லைவ் இருக்கிறது. என் தோழி போனில் பார்த்தேன். வீணையோடு ஒரு சரஸ்வதி, தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டில் இருந்து வந்ததாம், பின்பலகை திறக்கக் கூடாதாம். கீழே ஒரு அம்மா தமிழில் எழுதியிருக்கிறார், "எங்க அத்தை வீட்டில் இதே மாதிரி இருந்தது" என்று. அம்மா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இதைப் பார்த்தால் பணம் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.