டியூனிக்: குட்டி நரிக்குக் கையேடுதான் ஆயுதம்

ஹெட்போனோ வாஷிங் மெஷினோ, எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் எடுப்பது உள்ளே கிடக்கும் கையேட்டைத்தான். வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். டியூனிக் என்கிற இந்தச் சாகச வீடியோ விளையாட்டு என்னைப் போன்ற ஆட்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது.

ஒரு குட்டி நரி கடற்கரையில் கண் விழிக்கிறது. நீங்கள்தான் அந்த நரி. கையில் ஒன்றும் இல்லை. யாரும் வந்து கதை சொல்வதில்லை, அம்புக்குறி போட்டு வழி காட்டுவதும் இல்லை. கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பலகை. அதில் என்னவோ எழுதியிருக்கிறது, ஆனால் அந்த எழுத்து எந்த நாட்டு எழுத்தும் இல்லை. விளையாட்டுக்காகவே உருவாக்கியது. எடுக்கிற பொருளின் பெயர், திரையில் வரும் செய்தி என்று எல்லாமே கிட்டத்தட்ட அந்த எழுத்தில்தான். நடுநடுவே ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்கள் தலைகாட்டும். மிச்சத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் வழியில் பளபளவென்று ஒரு தாள் மிதக்கும். எடுத்துப் பார்த்தால், இதே விளையாட்டின் கையேட்டில் ஒரு பக்கம். பத்தாம் பக்கத்துக்கு அப்புறம் மூன்றாம் பக்கம் கிடைக்கும் என்கிற மாதிரி, வரிசை இல்லாமல் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன இந்தப் பக்கங்கள். இவற்றைச் சேர்த்துச் சேர்த்துத்தான் விளையாடவே கற்றுக்கொள்கிறோம்.

1986-இல் நிண்டெண்டோ வெளியிட்ட முதல் செல்டா விளையாட்டைத் தெரிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடனே பிடிபடும். அந்தக் காலத்து விளையாட்டுகளில் நினைவகம் ரொம்பக் குறைவு. கதை, வரைபடம், எந்தப் பொருள் எதற்கு என்பதெல்லாம் கூடவே வரும் புத்தகத்தில்தான் அச்சாகியிருக்கும். வேற்று மொழிப் பதிப்பு கையில் கிடைத்த பிள்ளைகள் படத்தை மட்டும் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொண்டு ஆடினார்கள். அந்த அனுபவத்தை அப்படியே ஒரு விளையாட்டாக மாற்றியிருக்கிறார் கனடாக்காரரான ஆண்ட்ரூ ஷோல்டிஸ். 2015-இல் தொடங்கிய வேலை, 2022 மார்ச்சில்தான் வெளிவந்தது. இசை, ஒலி போன்றவற்றுக்குச் சிலர் கைகொடுத்திருந்தாலும் பெரும்பாலும் தனியாள் உழைப்பு. 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் விளையாட்டு விருதுகளில் இரண்டு கிடைத்தன, அறிமுகப் படைப்புக்கு ஒன்று, கலைக்கு ஒன்று. இரண்டும் தகும்.

அந்தக் கையேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் புத்தகம் விரியும். மடிப்பு விழுந்த தாள், ஆங்காங்கே கறை, அழகழகான நரிப் படங்கள். அதற்கு மேல், இந்தப் புத்தகத்தை முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் பேனாவால் கிறுக்கி வைத்திருக்கிறார். வரைபடத்தில் ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு அம்பு, எங்கோ ஒரு கேள்விக்குறி. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாடப்புத்தகத்தில் முந்தைய மாணவன் அடிக்கோடு போட்டிருப்பானே, அதைப் பார்க்கும்போது வருகிற அதே நெருக்கம். யார் அந்த ஆள் என்று தெரியாது, ஆனால் நமக்கு முன்னால் இங்கே மாட்டிக்கொண்டு விழித்தவர் என்பது தெரியும்.

ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் போட்டு உடைக்கிறேன், அதுவும் ஆரம்பத்தில் வருவது. போகிற வழியில் பல், இறகு, காளான் என்று என்னென்னவோ கிடைக்கும். எதற்கென்று தெரியாமல் பையில் கிடக்கும். பயன்படுத்திப் பார்த்தாலும் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு பக்கம் கிடைக்கிறது. அதில் நாம் வழக்கமாக இளைப்பாறும் சிலையின் படம், பக்கத்தில் அந்தப் பல், அப்புறம் காசு. அவ்வளவுதான், ஒரு வார்த்தையும் புரியாது, தேவையும் இல்லை. ஓடிப்போய்ச் சிலை முன்னால் நின்று பல்லையும் கொஞ்சம் காசையும் காணிக்கையாக வைத்தால் நரியின் தாக்கும் பலம் கூடுகிறது! மற்ற விளையாட்டுகளில் முதல் நிமிடத்திலேயே பெட்டி போட்டு விளக்கிவிடுகிற சாதாரண விஷயம் இது. இங்கே அது நாமே கண்டுபிடித்ததாக ஆகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய ரகசியங்களும் இதே ரகம்தான். கதவைத் திறக்கப் புதுச் சாவி தேவையில்லை, அதைத் திறக்கும் வித்தை ஆரம்பம் முதலே நரியிடம் இருந்திருக்கும், நமக்குத்தான் தெரிந்திருக்காது. குறுக்கு வழிகளும் அப்படித்தான். சாய்வாக மேலிருந்து பார்க்கும் கேமராவைத் திருப்ப முடியாது என்பதால் சுவருக்குப் பின்னால், அருவிக்குப் பின்னால் என்று பாதைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் போராடி ஒரு குகையைக் கடந்து வெளியே வந்தால், ஆரம்பத்தில் நின்ற அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்போம். எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வரும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். எனக்கு இந்த விளையாட்டோடு மனஸ்தாபம் என்றால் அது இங்கேதான். பார்க்கக் குழந்தைகள் புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று நம்பி இறங்கினால் பெரிய எதிரிகள் வெளுத்து வாங்குகிறார்கள். உருண்டு தப்பிக்கலாம், கேடயத்தால் தடுக்கலாம், ஆனால் இரண்டுக்கும் தெம்பு செலவாகும். தெம்பு தீர்ந்த நேரத்தில் அடிபட்டால் வழக்கத்தைவிடப் பலமாக விழும். கோட்டைக்குள் இருக்கும் ராட்சத இயந்திரத்திடம் என் விரல்கள் கையைத் தூக்கிவிட்டன.

அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "சித்தி, கேடயத்தை விடுங்க. அது கையை ஓங்கும்போது பக்கவாட்டுல உருளுங்க" என்றான். உருண்டேன். நேராக அதன் காலடியில் போய் நின்றேன். "கொடுங்க இங்க" என்று கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: அடிதடி அவனுக்கு, புதிர் எனக்கு.

அப்படி ஒரு அக்கா மகன் வாய்க்காதவர்களுக்கு, விளையாட்டின் செட்டிங்ஸில் நரி சாகாமல் ஆடுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தெம்பு குறையாமல் வைத்துக்கொள்ளவும் முடியும். தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். இதன் சுவை வாள் வீச்சில் இல்லை. பின்பாதியில் குவாரி என்று ஒரு பகுதி வரும். அங்கே காற்றிலேயே விஷம், உயிரின் உச்ச அளவே கரைந்துகொண்டு போகும். அந்த இடத்தை மட்டும் பாதியாக வெட்டியிருக்கலாம். புதிர் குறைவு, எதிரிகள் அதிகம், நிறமும் மங்கல். அதுவரை ரசித்த புல்வெளியும் வெயிலும் எங்கே என்று தேடத் தோன்றுகிறது.

இசையைப் பற்றி ஒரு வரி: லைஃப்ஃபார்ம்டும் ஜேனிஸ் குவானும் சேர்ந்து போட்டது. விளையாடாத நேரத்திலும் ஓடவிட்டு வேலை பார்க்கிறேன்.

அந்தப் புரியாத எழுத்து விஷயம். எதுவுமே தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். அது வெறும் அலங்காரக் கோடு இல்லை, உண்மையாகவே படிக்க முடியும். உள்ளே ஒளிந்திருப்பது ஆங்கிலம்தான், ஆனால் ஆங்கில எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ஒன்றும் வராது. ஒலியை வைத்து எழுதியது. மெய்யொலிக்குச் சில கோடுகள், உயிரொலிக்குச் சில கோடுகள், இரண்டும் சேர்ந்து ஒரே குறி. உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கட்டுமானம் சட்டென்று பிடிபடும், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிட ஒரு அடி முன்னால்தான் நிற்கிறோம் என்று நினைக்கிறேன். இதைப் படிக்காமலேயே விளையாட்டை முடிக்கலாம். ஆனால் படிக்கத் தொடங்கினால் பழைய பலகைகளையெல்லாம் திரும்பிப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது.

கடைசிப் பகுதிக்கு நோட்டும் பென்சிலும் கட்டாயம். 1993-இல் வந்த மிஸ்ட் என்கிற புதிர் விளையாட்டின் காலத்தில் விளையாட்டு ஆடியவர்கள் பக்கத்தில் காகிதம் வைத்துக்கொண்டு குறித்தார்களே, அதே கதை. கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும், படம் மட்டுமல்ல, ஓரத்தில் இருக்கும் கோலம் போன்ற கோடுகளையும் உற்றுப் பார்க்க வேண்டிவரும். இதில் சில இடங்கள் அநியாயத்துக்குக் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குச் சண்டை போட்டு முடிக்கும் ஒரு முடிவும் இருக்கிறது. கையேட்டை முழுசாகச் சேர்த்தவர்களுக்கு வேறொரு முடிவு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

கணினி, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் இருக்கிறது. வாங்கினால் யூடியூப் பக்கம் மட்டும் போகாதீர்கள். மலைமேல் இருக்கும் பெரிய கதவில் மாட்டிக்கொண்டால் என்னிடமும் கேட்க வேண்டாம். அக்கா மகனே கெஞ்சிப் பார்த்துவிட்டான், சொல்லவில்லை.